பொதுப் பணத்தில் விளைந்த அறிவு பொதுமக்களுக்கே உரியது

நமது நாட்டின் ஆராய்ச்சி நிலையங்களில் ஆண்டுதோறும் எத்தனையோ உண்மைகள் கண்டறியப்படுகின்றன. மண்ணின் வளம், பயிரின் நோய், குடிநீரின் தூய்மை, கடலின் போக்கு, கால்நடையின் நலம் என்று அவை பலதிறப்பட்டவை. இப்பணிகளுள் பெரும்பாலானவை மக்கள் செலுத்தும் வரிப்பணத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆயினும் இவற்றின் பயன் அம்மக்களிடம் முழுமையாகப் போய்ச் சேருகின்றதா என்று கேட்டால், "ஆம்" என்று உறுதியாக விடை கூற இயலாது.

ஆராய்ச்சி நிலையத்திற்கும் மக்களுக்கும் இடையே நிற்பவர்கள் களப் பணியாளர்களும் ஆசிரியர்களுமே. ஓர் ஆராய்ச்சியின் முடிவு வயலில் பயன்பட வேண்டுமானால் விரிவாக்கப் பணியாளர் அதனை எடுத்துரைக்க வேண்டும். அடுத்த தலைமுறையின் மனத்தில் பதிய வேண்டுமானால் ஆசிரியர் அதனைக் கற்பிக்க வேண்டும். இவ்விருவர் கைக்கும் எளிதில் எட்டாத அறிவு, நாட்டுக்கு எட்டாத அறிவேயாகும்.

விஞ்ஞான அறிவைப் பரப்புவதில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது மொழி, இரண்டாவது உரிமை, மூன்றாவது கருவி. மொழித் தடையைப் பற்றி நாம் நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். மற்ற இரண்டைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. இம்மூன்றும் சேர்ந்து நீங்கினாலன்றி அறிவு பரவாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வீராம்பட்டினத்தின் படிப்பினை

புதுச்சேரிக்கு அருகே கடற்கரையில் உள்ள வீராம்பட்டினம் ஒரு மீனவர் ஊர். 1998-ம் ஆண்டு முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மையத்தில் பணியாற்றியவர்கள், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் யாவரும் காணுமாறு வெளியிட்டு வந்த அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, அதனைத் தமிழில் கூறி, ஒலிபெருக்கி வாயிலாக ஊராருக்கு அறிவித்து வந்தனர். கடலுக்குச் செல்லலாமா, கூடாதா என்பதை மீனவர்கள் அதனைக் கேட்டு முடிவு செய்யலாயினர்.

இந்நிகழ்ச்சியைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம். அச்செய்தி ஒருவருடைய அலமாரியில் பூட்டி வைக்கப்படாமல் வெளியிடப்பட்டிருந்தது. அதனைப் பெறக் கட்டணமோ, எடுத்துச் சொல்ல அனுமதியோ தேவைப்படவில்லை. அதனை உள்ளூர் மொழியில் மாற்றித் தர அவ்வூரிலேயே ஆட்கள் இருந்தனர். எழுத்தறியாதவருக்கும் எட்டும்படி ஒலிபெருக்கி என்ற எளிய கருவி இருந்தது. இவற்றுள் எது இல்லாது போயிருப்பினும் அறிவிப்பு மீனவர் காதில் விழுந்திராது.

இத்தகைய ஏற்பாட்டின் பயன் 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் வேறொரு வகையில் புலப்பட்டது. அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, நல்லவாடு என்னும் மற்றொரு மீனவர் ஊரைச் சேர்ந்தவரும் சிங்கப்பூரில் பணிபுரிந்து வந்தவருமான ஒருவர், செய்தியறிந்து தொலைபேசியில் ஊருக்கு எச்சரிக்கை அனுப்பினார். அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வாயிலாக அவ்வெச்சரிக்கை ஊர் முழுவதும் பரவிற்று. மக்கள் கரையை விட்டு அகன்றனர். 3,500-க்கு மேற்பட்டோர் வாழும் அவ்வூர் உயிர்ச்சேதத்தினின்றும் தப்பியது.

இன்று நாம் அயல்நாட்டுக் கடற்படையின் முன்னறிவிப்பை நம்பி நிற்க வேண்டிய நிலையில் இல்லை. 1999-ம் ஆண்டில் ஹைதராபாத்தில் அமைக்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன்வளம் மிகுந்த பகுதிகளையும் கடலின் நிலையையும் கடற்கரை மாநிலங்களின் மொழிகளிலேயே அறிவித்து வருகிறது. 2007-ம் ஆண்டு முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பணியும் அங்கிருந்தே நடைபெறுகிறது. கடலைப் பற்றிய அறிவில் சாத்தியமான இது, மண்ணைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் உள்ள அறிவில் ஏன் சாத்தியமாகாது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் கூறுவது என்ன?

அமெரிக்க மைய அரசின் அலுவலர்கள் தம் பணியின் பகுதியாக எழுதுவதற்கு அந்நாட்டுச் சட்டப்படி அங்கே பதிப்புரிமை இல்லை. அது பிறந்த அன்றே பொதுச் சொத்தாகிறது.

நமது நாட்டில் நிலைமை வேறு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அரசாங்கப் படைப்புகளின் முதல் உரிமையாளர் அரசாங்கமே. வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் அவ்வுரிமை நீடிக்கும். அரசிதழில் வரும் செய்திகள், சட்டமன்றங்களின் முன் வைக்கப்பட்ட குழு அறிக்கைகள் முதலிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஓர் அரசாங்கத் துறை பயிர்ப் பாதுகாப்பைப் பற்றி இன்று வெளியிடும் சிறு நூலை, வெளிப்படையான உரிமம் எதுவும் அதில் அச்சிடப்படாவிடில், அனுமதியின்றித் திருத்தி வெளியிடவோ மொழிபெயர்த்து அச்சிட்டு வழங்கவோ நம் தலைமுறையில் இயலாது. அந்நூலில் கூறப்படும் மருந்துகளும் விதைகளும் வழக்கொழிந்த பின்னரே அது பொதுச் சொத்தாகும்.

ஆசிரியர்களுக்கு இச்சட்டம் ஒரு சலுகையை அளித்திருப்பதையும் கூறுதல் வேண்டும். கற்பிக்கும் பணியின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலின் பகுதியைப் படியெடுப்பது 52-வது பிரிவின்படி குற்றமாகாது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவருக்குப் பாடத் தொகுப்புகளைப் படியெடுத்துக் கொடுத்ததை எதிர்த்து மூன்று பதிப்பகங்கள் 2012-ம் ஆண்டில் வழக்குத் தொடுத்தன. டில்லி உயர்நீதிமன்றம் 2016-ம் ஆண்டில் கல்வியின் பக்கமே நின்று தீர்ப்பளித்தது. ஆயினும் இச்சலுகை வகுப்பறைக்கு உரியது. ஓர் ஆசிரியர் தாம் மொழிபெயர்த்த பாடத்தை மாவட்டம் முழுவதற்கும் அச்சிட்டு அளிக்க விரும்பினால், அல்லது ஒரு களப் பணியாளர் ஒரு கையேட்டைத் தம் வட்டாரத்து மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பத் திருத்தி வழங்க விரும்பினால், அவருக்கு அனுமதி தேவைப்படும். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி விடை வருவதற்குள் விதைப்புப் பருவம் கடந்துவிடும்.

இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்பதில்லை. உரிமையாளரே முன்வந்து, "இதனை யாவரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், வழங்கலாம், மூலத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுக" என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். இதுவே திறந்த உரிமம் எனப்படுவது. 2002-ம் ஆண்டில் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இத்தகையவை.

நமது அரசாங்கம் இத்துறையில் சில நல்ல அடிகளை எடுத்து வைத்துள்ளது. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் 2013-ம் ஆண்டில் திறந்த அணுக்கக் கொள்கையை ஏற்றது. விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் தம் நிதியுதவியால் விளைந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியங்களில் வைக்க வேண்டுமென்று 2014-ம் ஆண்டில் விதித்தன. அரசாங்கப் புள்ளிவிவரங்களுக்கென ஒரு திறந்த உரிமம் 2017-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சி இதழ்களைக் கல்வி நிலையங்களுக்குப் பெற்றுத் தரும் "ஒரு நாடு ஒரு சந்தா" என்ற திட்டமும் நடைமுறைக்கு வந்துள்ளது.

இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் இவற்றின் முதன்மையான நோக்கம் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் புள்ளிவிவரங்களுமே. அக்கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. சந்தாத் திட்டமோ உயர்கல்வி நிலையங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் கருதி அமைந்தது. கிராமப் பள்ளி ஆசிரியர் அதன் வரம்புக்குள் வரவில்லை. அவருக்கு உண்மையில் வேண்டுவது, தம் மொழியில் எளிய நடையில் எழுதப்பட்ட கட்டுரை, கையேடு, படம், சொற்பட்டியல் ஆகியவையே. இவற்றையும் திறந்த உரிமத்துடன் வெளியிட்டால்தான் எடுத்துவைத்த அடிகள் முழுமை பெறும்.

இதற்கு நமக்கு முன்மாதிரியும் உண்டு. 1949-ம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பாரதியாரின் படைப்புகளின் உரிமையை வாங்கிற்று. பின்னர் அவை மக்களுக்கே உரியனவாக்கப்பட்டன. அதன் பயனாக அவருடைய பாடல்கள் மலிவுப் பதிப்புகளாக வீடுதோறும் சென்றன. கவிதைக்குச் செய்த நன்மையை விஞ்ஞானக் கட்டுரைக்கும் செய்யலாம். அதன் உரிமையை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவைகூட இங்கே இல்லை. அது ஏற்கனவே அரசாங்கத்தின் கையிலேயே உள்ளது.

எழுத்துருவும் மென்பொருளும்

மூன்றாவது தடை கருவியைப் பற்றியது. கணினி பரவத் தொடங்கிய காலத்தில் இந்திய மொழிகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியேற்ற முறையில் எழுத்துருக்களைச் செய்து விற்றது. தமிழில் பாமினி, ஹிந்தியில் க்ருதிதேவ் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு கணினியில் தட்டெழுதிய கோப்பு, அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அதில் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. யூனிகோடு என்ற பொதுக் குறியேற்றத்தில் தமிழ் 1991-ம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆயினும் பழைய முறையில் தட்டெழுதிய கோப்புகள் அலுவலகங்களில் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவை நம் மொழியிலேயே இருந்தும் நமக்குப் பயன்படாதவை. அச்சிட்ட பக்கத்தைப் படமாக எடுத்து இணையத்தில் இடுவதும் ஏறக்குறைய இத்தகையதே. கண்ணால் படிக்கலாம், தேடவும் இயலாது, திருத்தவும் இயலாது, பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவியாலும் படிக்க இயலாது.

கட்டற்ற மென்பொருள் என்பதன் சிறப்பை இவ்விடத்தில்தான் உணர வேண்டும். ஒரு மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்குதல், அதன் மூல நிரலைப் படித்து வேண்டியவாறு மாற்றுதல், பிறருக்குப் படியெடுத்து வழங்குதல், மாற்றியதையும் வழங்குதல் என்ற நான்கு உரிமைகளையும் அளிக்கும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். விலையின்மை இதன் இலக்கணமன்று, உரிமையே இலக்கணம்.

களப் பணியாளர்களுக்கு இதனை விளக்க விதையை உவமையாகக் கூறலாம். 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறருடன் மாற்றிக் கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமை அளிக்கிறது. பெயர் பொறித்த வணிக விதையாக விற்பதற்கு மட்டுமே அதில் தடை. உழவருக்கு விதையில் உள்ள இந்த உரிமையை, ஆசிரியருக்கும் மாணவருக்கும் மென்பொருளில் அளிப்பதே கட்டற்ற மென்பொருள்.

பிராந்திய மொழிகளுக்கு இது இன்றியமையாதது. வணிக நிறுவனம் சந்தை எங்கே பெரிதோ அங்கேதான் தன் கருவியைக் கொண்டு செல்லும். மொழி பேசுவோர் சிலரேயாயின் அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். மூல நிரல் திறந்திருந்தாலோ, அம்மொழியினரே அதனைத் தம் மொழிக்கு ஏற்ப அமைத்துக் கொள்ளலாம். கேரளத்தில் 2002-ம் ஆண்டில் தொடங்கிய சுவதந்திர மலையாளக் கணினியம் என்ற தன்னார்வக் குழு, எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்புகளையும் இவ்வாறே உருவாக்கி யாவருக்கும் வழங்கியது. அம்மாநிலத்தின் பள்ளிகளில் 2001-ம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2017-ம் ஆண்டில் கைட் என்ற நிறுவனமாக மாறிய திட்டம், கட்டற்ற மென்பொருளையே அடிப்படையாகக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துள்ளது.

மத்திய அரசாங்கமும் 2015-ம் ஆண்டில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை அறிவித்தது. ஆசிரியர்களுக்கு நன்கு அறிமுகமான தீக்ஷா என்னும் கல்வித் தளமே திறந்த மூல மென்பொருளின்மேல் எழுந்ததாகும். 2023-ம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வுக் குழு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் உரிய மொழிபெயர்ப்புக் கருவியைத் திறந்த உரிமத்துடன் வெளியிட்டது. இக்கருவிகள் நன்கு பணிபுரிய வேண்டுமானால் அந்தந்த மொழியில் நல்ல விஞ்ஞான உரைநடை ஏராளமாகத் திறந்து கிடக்க வேண்டும். நாம் எழுதியவற்றைப் பூட்டி வைத்துவிட்டு, இயந்திரம் நம் மொழியில் பிழை செய்கிறது என்று குறை கூறுவதில் பொருளில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பூச்சி மருந்தின் அளவைக் கூறும் ஒரு வாக்கியத்தில் மில்லிலிட்டர் என்பது லிட்டர் என்று மாறினால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பை, அத்துறையும் அம்மொழியும் அறிந்த ஒருவர் படித்துப் பார்த்த பின்னரே வழங்குதல் வேண்டும்.

களவு போகுமோ என்ற அச்சம்

அறிவைத் திறந்து வைத்தால் அயலார் கவர்ந்து கொள்வர் என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் அடிப்படையற்றது அன்று. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. விஞ்ஞானத் தொழிலியல் ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்து, சமஸ்கிருதம், உருது, ஹிந்தி முதலிய மொழிகளிலிருந்து 32 ஆதாரங்களைக் காட்டிற்று. 1997-ம் ஆண்டில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. வேம்பைப் பற்றிய ஐரோப்பியக் காப்புரிமை ஒன்றும் 2000-ம் ஆண்டில் ரத்தாகி, 2005-ம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் அம்முடிவே உறுதியாயிற்று.

மஞ்சளைக் காத்தவை ஏற்கனவே வெளியாகியிருந்த எழுத்துகளே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வெளியிடப்பட்டு யாவரும் அறிந்த ஒன்றைப் புதியது என்று எவரும் உரிமை கொண்டாட இயலாது. இவ்வழக்குகளுக்குப் பின்னர் 2001-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட பாரம்பரிய அறிவு மின்னூலகம், சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய 5 மொழிகளில் பெயர்த்து அமைத்தது. காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் உரியதாயிருந்த அதனைப் பிறருக்கும் விரிவாக்க 2022-ம் ஆண்டில் மத்திய அமைச்சரவை இசைந்தது. டோக்கியோவில் உள்ள அலுவலருக்கு அவர் மொழியில் எட்டிய அச்செய்தி, தஞ்சையிலும் கட்டக்கிலும் உள்ள ஆசிரியருக்கும் அவரவர் மொழியில் எட்டும் நாளை நாம் எதிர்நோக்குவது நியாயமே.

எல்லாவற்றையும் திறக்கலாகாது என்பதும் உண்மை. ஒரு பழங்குடிச் சமூகம் தன்னுள் காத்து வரும் மூலிகை அறிவை அச்சமூகத்தின் இசைவின்றி வெளியிடும் உரிமை நமக்கில்லை. 2002-ம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம் அச்சமூகங்களுக்குப் பயனில் பங்கு வேண்டுமென்று கூறுகிறது. நோயாளியின் விவரம், தனி உழவரின் விவரம் ஆகியனவும் வெளியிடத்தக்கவையல்ல. நாம் திறக்க வேண்டுவது பொதுப் பணத்தில் விளைந்த பொது அறிவை மட்டுமே.

திறந்து விட்டால் பிழைபடத் திருத்துவர் என்பது மற்றோர் ஆட்சேபம். திருத்தியவர் தம் பெயரையும் திருத்தத்தையும் குறிப்பிட வேண்டுமென்று உரிமத்திலேயே விதிக்கலாம். மூலமும் யாவரும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி என்றும் கிடைக்கும். ஒப்பிடத்தக்க மூலம் கையருகே இல்லாதபோதுதான் வதந்தி உண்மையின் வேடத்தில் உலவுகிறது.

செய்யத்தக்கவை

முடிவாகச் சில ஆலோசனைகளைக் கூறலாம்.

1. மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞான வெளியீடுகள், இவ்விதழைப் போன்ற பிராந்திய மொழிப் பதிப்புகள் உட்பட, திறந்த உரிமத்துடன் வெளிவருதல் வேண்டும். உரிமத்தின் வாசகம் அந்தந்த மொழியிலேயே முதற்பக்கத்தில் அச்சிடப்படுதல் வேண்டும்.

2. அவை யூனிகோடு எழுத்தில், தேடவும் திருத்தவும் ஏற்ற கோப்பாகக் கிடைத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் உள்ள கையேடுகளை யூனிகோடுக்கு மாற்றும் பணியை ஒவ்வொரு துறையும் ஒரு கால வரையறைக்குள் முடித்தல் நலம்.

3. ஆராய்ச்சிக்கு நிதி அளிக்கும் துறைகள், ஆய்வின் முடிவில் ஆங்கிலக் கட்டுரையோடு, ஆய்வு நடந்த வட்டாரத்தின் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் கேட்டுப் பெறலாம்.

4. களப் பணியாளர்கள் தாம் தயாரிக்கும் துண்டுப் பிரசுரங்களையும் படங்களையும், ஆசிரியர்கள் தம் பாடக் குறிப்புகளையும், மேலதிகாரியின் இசைவோடு பொதுக் களஞ்சியங்களில் சேர்க்கலாம். 2003-ம் ஆண்டு முதல் வளர்ந்து வரும் தமிழ் விக்கிப்பீடியாவில் தம் வட்டாரத்துப் பயிரையும் பறவையையும் பற்றி எழுதலாம். விஞ்ஞானச் சொல் ஒவ்வொன்றும் பயன்பட்டுத்தான் நிலைபெறும்.

5. பள்ளிகளுக்குக் கணினி வாங்கும்போது கட்டற்ற மென்பொருள் அவற்றில் இயங்குமா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுதல் வேண்டும்.

இவற்றுள் நான்காவது, மேலிடத்துத் திட்டம் வரட்டும் என்று காத்திராமல் நாளையே தொடங்கத்தக்கது. ஒரு பள்ளியில் எழுதப்பட்ட நல்ல பாடக் குறிப்பு ஓர் ஆண்டோடு மறைந்து போகாமல் நூறு பள்ளிகளில் பயன்படுமாயின், எழுதிய ஆசிரியரின் உழைப்பு நூறு மடங்காகிறது. ஒரு வட்டாரத்தில் கண்ட நோய்க்குறி அடுத்த வட்டாரத்திற்கு ஒரு வாரம் முன்னதாகத் தெரியுமாயின் அங்கே பயிர் பிழைக்கிறது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தைத் தமிழில் எடுத்துரைத்தவர்கள் அவ்வூர்ப் பணியாளர்களே. அத்தகைய பணி ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு மொழியிலும் நடைபெறுதல் வேண்டும். அதற்குத் தடையாக நிற்கும் பூட்டுகளை நீக்குவது அரசாங்கத்தின் கடமை. நீங்கிய கதவின் வழியே அறிவை ஏந்திச் செல்வது நம் அனைவருடைய கடமை.